ஆபீஸ் கணினியும் ஆயுத பூஜை ஷட்டவுனும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் கிளப் ஹவுஸில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்தில் தரப்படுகிறது.)

தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் ஏ.எம்.சி.யும் முடிந்துவிட்டன. சமோசா வருவதற்குள் பேசி முடிக்கச் சொல்லியிருக்கிறார் செயலாளர். முயற்சி செய்கிறேன்.

விஷயம் நம் ஆபீஸ் கணினி. அதில் இருப்பது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்தால் வீட்டுக் கணினிகளுக்கு இன்னும் ஒரு வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் 11 போடலாம் என்றால், அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய ப்ராசஸரும் கேட்கிறது. நம்முடையது பத்து வயதுக் கணினி. அந்தப் பெட்டிக்குள் நம் எல்லோருடைய மெயின்டனன்ஸ் கணக்கும் இருக்கிறது, வாடகைக்கு இருப்பவர்களின் ஆதார் நகல்களும் இருக்கின்றன. சும்மா விட முடியாது.

லினக்ஸ் போடுவது என்று கமிட்டி முடிவு செய்தது. அதுவரை சண்டை இல்லை. எந்த டெஸ்க்டாப் என்ற கேள்வி வந்ததும் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் யாரும் தூங்கவில்லை. லினக்ஸில் திரையில் தெரியும் மெனு, கீழ்ப்பட்டை, ஜன்னல்கள் எல்லாம் சேர்ந்த முகப்பை நாமே தேர்ந்தெடுக்கலாம். அதைத்தான் டெஸ்க்டாப் என்கிறோம். தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் தம்பிமார்கள் புத்தம்புதிதாக வருவதையே போடலாம் என்கிறார்கள். என்னைப் போன்ற வழுக்கைத் தலைகள், ஓடுகிறதைத் தொடாதே என்கிறோம். இரண்டு பக்கமும் முழுதாகச் சரியில்லை என்பதைச் சொல்லத்தான் எழுந்தேன்.

முதலில் பழைய கதை. 2008 ஜனவரியில் கே.டி.இ. 4.0 வெளியானது. அதற்கு முந்தைய 3.5 நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. புதியதை அடியிலிருந்து மாற்றி எழுதியிருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் பழைய வசதிகள் பாதி வந்து சேரவில்லை, அடிக்கடி நின்றும் போனது. இது ஆர்வலர்களும் டெவலப்பர்களும் முயன்று பார்க்கத்தான் என்று உருவாக்கியவர்கள் சொன்னார்கள். 4.0 என்று எண் போட்டால் முடிந்த சரக்கு என்றுதானே வாங்குபவர் நினைப்பார்? லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே கே.டி.இ.யை விட்டு க்னோமுக்கு மாறினார்.

2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தது. இது வேறு வகைச் சிக்கல். ஜன்னலைச் சுருக்கும் பட்டனும் பெரிதாக்கும் பட்டனும் இல்லை. கீழே திறந்த ஜன்னல்களின் பட்டியல் இல்லை. கணினியை அணைக்கும் கட்டளைகூட ஆல்ட் விசையை அழுத்தினால்தான் தெரியும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் அணைக்கும் பட்டனை ஒளித்து வைத்தால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள். டோர்வால்ட்ஸ் அங்கிருந்தும் கிளம்பி எக்ஸ்.எஃப்.சி.இ.க்குப் போனார். பிறகு க்னோமுக்கே திரும்பினார் என்பது தனிக்கதை. பழைய க்னோமை விட மனமில்லாமல் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒருவர் அதைப் பிரித்தெடுத்து மாத்தே என்று தொடர்ந்தார். மாத்தே அவர்கள் ஊர் மூலிகை டீ. லினக்ஸ் மின்ட் குழுவினர் உருவாக்கியதற்குப் பெயர் சின்னமன், நம் பட்டை. பெயர் வைப்பதில் மட்டும் இவர்களுக்குள் ஒற்றுமை உண்டு.

இந்த இரண்டு கதையும் ஒன்றல்ல. கே.டி.இ. 4.0 நின்று போனது. க்னோம் 3 நிற்காமல் ஓடியது, ஆனால் கை பழகிய இடத்தில் எதுவும் இல்லை. "ஸ்டேபிள்" என்ற ஒரே சொல்லை நாம் இரண்டுக்கும் சொல்கிறோம்: நடுவில் நிற்காது என்பது ஒன்று, மாறாது என்பது இன்னொன்று. டெபியன் லினக்ஸில் ஸ்டேபிள் என்றால் பெரும்பாலும் இரண்டாவது. ஒருமுறை வெளியிட்டால் பாதுகாப்புத் திருத்தமும் முக்கியமான பழுதும் மட்டும் வரும், புதிய வசதி வராது. 2011-இல் வந்த க்னோம் 3, டெபியன் ஸ்டேபிள் வைத்திருந்தவர்களுக்கு 2013 மே மாதம்தான் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அது 3.4 ஆகி, பல முட்கள் மழுங்கியிருந்தன. காத்திருந்தவர்களுக்கு லாபம். ஆனால் இதே முறையில், தெரிந்த சின்னப் பழுது ஒன்று இரண்டு வருடம் அப்படியே உட்கார்ந்திருக்கவும் செய்யும்.

நம் மாநிலத்தில் இது பலர் வீட்டுக்குள் வந்த விஷயம். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் உருவாக்கியது, டெபியனை ஒட்டியது. என் அண்ணன் மகளுக்கும் ஒன்று கிடைத்தது. எந்த மெனுவில் எது இருக்கிறது என்று படம் போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பின்னால் கடைக்காரர் ஒருவர் புது லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். நோட்டில் இருந்த மெனுவே திரையில் இல்லை. கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை. அந்தப் பிள்ளை லினக்ஸ் பக்கமே பிறகு போகவில்லை. புதிய வசதிக்கு விலை உண்டு, அதை வசதியைக் கேட்டவர் கட்டுவதில்லை. நம் ஆபீஸில் கட்டப்போவது அங்கே உட்காரும் மேடம்தான். வாட்ஸ்அப்பில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, கவனித்தீர்களா?

அப்படியென்றால் தொடவே வேண்டாமா? இங்கேதான் என் கட்சியையே நான் குறை சொல்ல வேண்டும். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸில் வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். ஒரு சோதனை இயந்திரத்தோடு விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்று இணைந்திருந்தது. நன்றாக ஓடியது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் ஆதரவு முடிந்த பிறகும் நான்தான் தொட விடவில்லை. ஒரு நாள் ஹார்டு டிஸ்க் போய்விட்டது. பழைய ஐ.டி.இ. கேபிள் வகை. ஓசூரில் இல்லை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, யாரோ கழற்றிப் போட்டதை வாங்கி வந்தேன். இரண்டு நாள் அந்த லைன் நின்றது. அந்த இரண்டு நாளுக்கு நான்தான் பொறுப்பு.

டெஸ்க்டாப்பிலும் அதேதான். எக்ஸ்.எஃப்.சி.இ. 2015 பிப்ரவரியில் 4.12 வெளியிட்டு, அடுத்த 4.14-ஐ 2019 ஆகஸ்டில்தான் தந்தது. நான்கரை வருடம். பழகியவர்களுக்குச் சொர்க்கம். ஆனால் அதற்குள் துல்லியம் கூடிய புதிய திரைகள் வந்துவிட்டன, எழுத்து எறும்பு அளவுக்குத் தெரிந்தது. தம்பிமார்கள் சொல்வதில் இந்த நியாயம் இருக்கிறது.

லைனில் நாங்கள் செய்தது இதுதான். ஷிஃப்ட் ஓடும்போது பி.எல்.சி. ப்ரோகிராமில் யாரும் கை வைக்கக்கூடாது. பட்டியல் போட்டு வைத்து, ஆயுத பூஜை ஷட்டவுனில் மாற்றுவோம். பழைய ப்ரோகிராம் கையில் இருக்கும், சரிவராவிட்டால் திரும்பப் போட்டுவிடலாம். நான் அந்த எக்ஸ்பியை ஒரு ஷட்டவுன் பட்டியலிலும் சேர்க்கவில்லை என்பதுதான் என் தவறு.

ஆகவே என் யோசனை: ஆபீஸ் கணினிக்கு லினக்ஸ் மின்ட் 22, சின்னமன் டெஸ்க்டாப். மெனு இடது கீழ் மூலையில் இருக்கும், மேடத்துக்குப் பழகிய இடம். 2029 வரை ஆதரவு உண்டு. பாதுகாப்புத் திருத்தங்களை வாராவாரம் போட வேண்டும், அதில் தாமதம் கூடாது. முகப்பு மாறும் பெரிய மாற்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும். அதுவும் காலாண்டு பில் போய் முடிந்த வாரத்தில், டைம்ஷிஃப்டில் பழைய நிலையைச் சேமித்த பிறகு. நோட்டீஸ் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் அடிக்க வேண்டும், பில் ப்ரின்டரும் ஓட வேண்டும். இவை சரியாக நடக்காமல் பழைய விண்டோஸை அழிக்கக்கூடாது.

கிளப் ஹவுஸில் பிள்ளைகளுக்கு வைத்த கணினியில் கே.டி.இ.யின் புதியது எதுவானாலும் போடுங்கள். உடையட்டும், அவர்களே சரிசெய்வார்கள். அங்கே எது நன்றாக ஓடுகிறது என்று பார்த்து, ஆபீஸ் பட்டியலில் சேர்க்கலாம்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு மின்ட் போட்ட என் பழைய லேப்டாப்பை இங்கே கொண்டுவந்து வைக்கிறேன். முதலில் மேடம் உட்கார்ந்து ஒரு பில் அடித்துப் பார்க்கட்டும். அதுவரை நாம் பின்னால் நின்று எதுவும் சொல்லாமல் இருப்போம். சமோசா வந்துவிட்டது போலிருக்கிறது.