விடுதிக் கட்டிலுக்கு எவ்வளவு துணி வேண்டும்?



பல்கலைக்கழக அழைப்புக் கடிதம் வந்ததும் கடைப் படலம் தொடங்கிவிடுகிறது. பிள்ளை முதன்முறையாக வீட்டைவிட்டுத் தனியே படுக்கப் போகிறது. நல்லதாக வாங்கிக் கொடுப்போம் என்று பெற்ற மனம் நினைக்கிறது. தவறில்லை. ஆனால், பதிவுக் கட்டணமும் பயணச் செலவும் சேர்ந்து நெருக்கும் வாரம் அது. கல்விக் கடன் முழுமையாகக் கைக்கு வருவது பதிவுக்குப் பிறகுதான்.

முதலில் அளவு. விடுதிகளில் பெரும்பாலும் ஒற்றைக் கட்டிலும் மெத்தையும் இருக்கும்: 3 அடி அகலம், 6 அடி 3 அங்குல நீளம். 'சூப்பர் சிங்கிள்' அரை அடி அகலம் கூடியது. 'குவீன்' 5 அடி. மலிவு விற்பனை என்று குவீன் விரிப்பை வாங்கினால், மிச்சத் துணி மெத்தைக்கு அடியில்தான் கிடக்கும்.

அடுத்து துணி. பல அறைகளில் மின்விசிறி மட்டுமே. பருத்தி வியர்வையை உறிஞ்சும். பாலியஸ்டர் கலந்தது சீக்கிரம் காயும். கனத்த 'கம்ஃபர்ட்டர்' மழைநாளில் காயாது. மெல்லிய போர்வை போதும்.

விரிப்பு இரண்டு, தலையணை உறை இரண்டு, போர்வை ஒன்று. ஒன்றைத் துவைத்தால் மற்றொன்றை விரிக்கலாம். நீலாய் 3 போன்ற மொத்த விற்பனை வட்டாரங்களில் விலை கேட்டுப் பாருங்கள். வீட்டு இலவம்பஞ்சுத் தலையணையை வெயிலில் காயவைத்துப் புது உறை போட்டாலே போதும்.

பக்கத்துக் கட்டிலில் விலையுயர்ந்த விரிப்பு இருக்கலாம். அதைப் பார்த்துப் பிள்ளை கூசக் கூடாது. ஆகவே, கடைக்குப் போகுமுன் வீட்டுக் கணக்கைப் பிள்ளையிடம் மறைக்காமல் பேசிவிடுங்கள். மிச்சமாகும் வெள்ளி முதல் மாதச் சாப்பாட்டுக்கு உதவும்.