விசைப்பலகையும் நன்னூலும்

குற்றாலத்தை அடுத்த தென்காசி மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் 2011 முதல் இயங்குகிறது. அதைக் கண்டு, மனித-கணினி இடைவினையியலை முதுநிலையில் பயில விழையும் பிள்ளையிடம், "இனித் தமிழ் எதற்கு?" எனப் பெற்றோர் கேட்பதுண்டு. பொருந்தா வினா அது.

கணினியை மனிதர் கையாளும் வகையை ஆராய்ந்து, அதற்கேற்பக் கருவியை அமைப்பதே அத்துறை. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை நோக்குக. உயிர்கள் இடக்கைக்கு, மெய்களுள் மிகப் பல வலக்கைக்கு. ககரத்தை இருமுறை தட்டின் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வரினும் அவ்வாறே. அவ்விரண்டும் இனவெழுத்துகள் என்பதைப் பவணந்தி முனிவரின் நன்னூல் பயின்றோர் அறிவர். விரலின் உழைப்பை இங்கே குறைப்பது இலக்கண அறிவு!

பம்பாய் ஐ.ஐ.டி. இத்துறையை வடிவமைப்பு முதுநிலையில் கற்பிக்கிறது. அங்குச் செல்லும் பிள்ளை நன்னூலையும் பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும், எழுத்ததிகாரம் மட்டுமேனும்.