நியாயத்தீர்ப்பு எங்கே போனது?

  கடவுளின் பரிசுத்தத்தைப் பற்றியும் நியாயத்தீர்ப்பைப் பற்றியும் பேச, முறையாக இறையியல் படித்த, எனக்கு முன் பேசிய இரண்டு போதகர்களுக்கே தகுதி உண்டு. நான் படித்தது பொதுமக்கள் தகவல் தொடர்பில் ஒரு டிப்ளோமா. பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கேமராவுக்கு முன் சிரித்த முகத்தோடு நிற்பது என் தொழில். இருந்தும் இன்று பேச ஒப்புக்கொண்டேன். இந்த அரங்கு எதைக் குறையென்று சொல்கிறதோ, அந்தக் குறையில் எனக்கும் பங்கு இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒளியேறிய ஒரு கிறிஸ்தவ நிகழ்ச்சியில் வேலை செய்தேன். ஒவ்வொரு வாரமும் ஒரு சபைக்குப் போய்ப் பிரசங்கத்தைப் பதிவு செய்வோம். போதகர் முக்கால் மணி நேரம் பேசியிருப்பார். எங்களுக்கு வேண்டியது 22 நிமிடம். எதை வைப்பது, எதை வெட்டுவது என்று முடிவு செய்யும் வேலை பெரும்பாலும் என்னிடம் வந்து சேரும். எனக்கென்று ஒரு கணக்கு இருந்தது. ஆறுதல் சொல்லும் பகுதி இருக்கட்டும். சிரிக்க வைக்கும் பகுதி இருக்கட்டும். பாவம், கோபம், தீர்ப்பு என்று வந்தால் வெட்டிவிடலாம். காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பவர் சேனலை மாற்றிவிடுவார் அல்லவா? யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானாகவே செய்தேன்.

ஒரு முறை, தோட்டப்புறத்தை ஒட்டிய ஒரு சிறு பட்டணத்தில் வயதான போதகர் ஒருவரின் பிரசங்கத்தைப் பதிவு செய்தோம். நிகழ்ச்சி ஒளியேறிய மறுநாள் அலுவலகத்திற்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதே சபையைச் சேர்ந்த ஒரு பாட்டி. கோபமாகப் பேசவில்லை. “ஏம்மா, ஐயா அன்னிக்கு நல்லாப் பேசினாரே, எனக்கு வேணுங்கிறதை மட்டும் வெட்டிட்டீங்களே” என்றார்.

விஷயம் இதுதான். கணவர் இறந்தபோது வந்த சேமநிதிப் பணம் முழுவதையும் வியாபாரத்துக்கென்று ஓர் உறவினர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. கேட்டால், “கர்த்தர் தருவார், பொறுங்க அக்கா” என்பாராம். அந்த மனிதர் அதே சபையில் முன்வரிசையில் உட்காருகிறார், கார் மாற்றுகிறார், ஆசீர்வாதத்துக்குச் சாட்சி சொல்கிறார். சபையும் கைதட்டுகிறது. நான் வெட்டிய பகுதியில் போதகர் ஏசாயா ஐந்தாம் அதிகாரத்தை விளக்கியிருந்தார். வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டே போகிறவர்களுக்கு ஐயோ என்றும், லஞ்சம் வாங்கிக்கொண்டு அநியாயக்காரனை விடுவிக்கிறவர்களுக்கு ஐயோ என்றும் அந்தத் தீர்க்கதரிசி சொல்லும் இடம் அது. அந்தப் பாட்டிக்கு அந்த ஆண்டு முழுவதும் கிடைத்த ஒரே ஆறுதல் அந்த ஆறு நிமிடம்தான். அது பயமுறுத்தும் பகுதி என்று நான் நினைத்தேன். கேட்க ஒருவர் இருக்கிறார் என்று அவர் அதைக் கேட்டிருக்கிறார்.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பது நம் வீடுகளில் எந்தச் சமயத்தவரும் சொல்லும் பழமொழி. அதைச் சொல்கிறவர் பெரும்பாலும் ஏமாற்றப்பட்டவராகத்தான் இருப்பார். நியாயத்தீர்ப்பே இல்லாத கடவுளை நாம் பிரசங்கித்தால், ஏமாற்றியவருக்கு நிம்மதி கிடைக்கிறது. ஏமாந்தவருக்கு மிஞ்சுவது என்ன?

இனி ஆறாம் அதிகாரத்துக்கு வருகிறேன். உசியா அரசன் இறந்த ஆண்டு. 52 ஆண்டுகள் ஆண்டவன், நாட்டை வளப்படுத்தியவன், வெற்றி தலைக்கேறி, ஆசாரியர்கள் மட்டுமே செய்யவேண்டிய தூபத்தைத் தானே காட்டத் தேவாலயத்துக்குள் நுழைந்து, நெற்றியில் குஷ்டத்தோடு வெளியே வந்தவன். அவன் இறந்த ஆண்டில் ஏசாயா தேவாலயத்தில் கடவுளின் மகிமையைக் காண்கிறார். பாவமே அறியாத சேராபீன்களும் அங்கே முகத்தை மூடிக்கொள்கிறார்கள். பரிசுத்தர் என்று மூன்று முறை முழங்குகிறார்கள். வாசல் நிலைகள் அசைகின்றன, இடமெல்லாம் புகை.

அப்போது ஏசாயா என்ன சொல்கிறார்? முந்தின அதிகாரத்தில் ஊராருக்கு ஆறு முறை ஐயோ என்றவர், இங்கே முதல் தடவையாகத் தனக்கே ஐயோ என்கிறார். அதிலும் எதைக் குறிப்பிடுகிறார்? தம் உதடுகளை. பிரசங்கியாருக்கு உதடுதானே பிழைப்பு, அறிவிப்பாளருக்கும்தான். பலிபீடத்து நெருப்புத்தழல் அவர் வாயைத் தொட்ட பிறகே, யாரை அனுப்புவேன் என்ற கேள்வி வருகிறது. இந்த வரிசையை நாம் கவனிக்க வேண்டும். தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் அந்தத் தீர்ப்பின் கீழ் நிற்க வேண்டியிருக்கிறது. அந்தத் தழல் வாயைச் சுட்டுவிட்டு ஒதுங்கவும் இல்லை, பாவத்தையும் நீக்கியது. சிலுவையைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் சொல்வதும் இதே ஒழுங்குதான். அங்கே தீர்ப்பும் அன்பும் ஒரே இடத்தில் இருக்கின்றன. தீர்ப்பை எடுத்துவிட்டால், சிலுவையில் அப்படி என்னதான் நடந்தது என்று பிள்ளைகள் கேட்கும்போது நமக்குப் பதில் இருக்காது.

இன்றைய மேடைகளைப் பார்க்கும்போது, அங்கே என் தொழிலின் உத்திகள் எல்லாம் எனக்குத் தெரிகின்றன. முதல் நிமிடத்தில் ஒரு நகைச்சுவை, மங்கும் விளக்கு, சரியான நேரத்தில் மெல்ல எழும் கீபோர்டு. தவறென்று சொல்லவில்லை. எனக்கும் நல்ல ஒலியமைப்பு பிடிக்கும். ஆனால் நேயர் போய்விடுவாரோ என்ற பயம் தொலைக்காட்சிக்காரர்களுக்கு உரியது. அந்தப் பயம் பிரசங்க பீடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டால், கடவுளுக்குப் பயப்பட அங்கே இடம் இருக்காது.

அமெரிக்காவில் ஜிம் பேக்கர் என்ற தொலைக்காட்சிப் பிரசங்கியாரின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கடவுள் உன்னை வளமாக்குவார் என்பதே 1980-களில் அவர் செய்தி. தென் கரோலினாவில் பெரியதொரு பொழுதுபோக்கு நகரத்தையே கட்டினார். 1,000 டாலர் கொடுத்தால் ஆண்டுதோறும் அங்குள்ள விடுதியில் மூன்று இரவு தங்கலாம் என்று, இருக்கும் அறைகளுக்கு மிஞ்சிப் பல்லாயிரம் பேரிடம் பணம் வாங்கினார். 1989-இல் 24 மோசடிக் குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பானது. 45 ஆண்டு சிறைத் தண்டனை, பிறகு அது குறைக்கப்பட்டு 1994-இல் வெளியே வந்தார். 1996-இல் அவர் எழுதிய நூலின் தலைப்பே தாம் தவறு செய்ததாகச் சொல்வது. வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தாம் முழுமையாகப் படித்தது சிறையில்தான் என்று அதில் ஒப்புக்கொள்கிறார். அத்தனை ஆண்டுகள் அவரும் வெட்டி ஒட்டிய வேதாகமத்தைத்தான் ஒளிபரப்பிக்கொண்டிருந்தார்! கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2020-இல், கோவிட் நோய்க்கு மருந்து போல ஒரு வெள்ளிக் கரைசலைத் தம் நிகழ்ச்சியில் விற்றதாக மிசூரி மாநில அரசு அவர்மீது வழக்குத் தொடுத்தது.

அப்படியானால் பழைய காலத்து நரகப் பிரசங்கத்துக்கே திரும்பிவிடலாமா? நான் அதையும் சொல்லவில்லை. சிறு வயதில் ஓய்வுநாள் பள்ளியில் ஒருவர், பொய் சொன்னால் நெருப்புக்கடல் என்று படம் காட்டினார். பல நாள் இடி இடித்தாலே பாட்டியின் சேலைக்குள் ஒளிந்துகொள்வேன். எனக்குப் பயம்தான் வந்தது, பக்தி வரவில்லை. நம் தமிழில் பயபக்தி என்று ஒரே சொல்லாக வைத்திருக்கிறார்கள் பாருங்கள். பாதியை மட்டும் ஊட்டினால் குழந்தை ஓடத்தான் செய்யும்.

நியாயத்தீர்ப்புப் பிரசங்கம் என்றதும் எல்லாரும் சொல்லும் பெயர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ். 1741 ஜூலை 8-ஆம் தேதி, இன்றைய கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த என்ஃபீல்டில் அவர் பேசியபோது, மக்களின் அலறலால் பேச்சை நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் மேடையில் குதித்து ஆர்ப்பரிக்கும் பேச்சாளரும் அல்லர். பரலோகம் என்பது அன்பின் உலகம் என்றும் அழகாகப் பிரசங்கித்தவர். அவரைப் படிக்கச் சொல்லி நானே பலருக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் அதே எட்வர்ட்ஸ் 1731-இல் நியூபோர்ட் துறைமுகத்தில் ஏறத்தாழ 14 வயதுள்ள ஒரு சிறுமியை அடிமையாக விலைக்கு வாங்கினார். கடவுளின் கோபத்தைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசியவருக்கு, தம் வீட்டுச் சமையலறையில் நின்ற அந்தப் பிள்ளை கண்ணில் படவில்லை. தீர்ப்பைப் பற்றிப் பேசிவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியாது.

பாட்டியின் அழைப்புக்குப் பிறகு, வெட்டிய பகுதியை அடுத்த வாரம் ஒளியேற்றலாம் என்று தேடினேன். முழுப் பதிவும் அதற்குள் அழிக்கப்பட்டிருந்தது. போதகரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போனேன். காபி கொடுத்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க வெட்டுறதுக்கு முந்தியே நானும் கொஞ்சம் வெட்டிட்டேம்மா” என்றார். விதவையின் பணத்தை வாங்கித் திருப்பித் தராதவர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தாராம். சபையின் கூரையை மாற்றப் பாதிப் பணம் கொடுத்தவர் அந்த உறவினர். அன்று காலை அவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்ததும், அந்தத் தாளை வேதாகமத்துக்குள் மடித்து வைத்துவிட்டார். தாளை எடுத்து எனக்குக் காட்டினார். மடிப்பு அப்படியே இருந்தது.

மூன்று வாரம் கழித்து அந்தத் தாளோடு அவர் பீடத்தில் ஏறினார். முதலில் தாம் செய்ததைச் சபைக்கு முன் அறிக்கையிட்டார், பிறகு அதை வாசித்தார். யார் பெயரையும் சொல்லவில்லை. நான் பின்வரிசையில் இருந்தேன், கேமரா கொண்டுபோகவில்லை. பாட்டி வந்திருந்தார். அந்த உறவினரும் வந்திருந்தார். ஆராதனை முடிந்தும் வெகுநேரம் அவர் இருக்கையை விட்டு எழவில்லை.