கரிய கல்லும் அருமண்ணும்

ஐதராபாத்தில் குடியேறி வாழும் நாம், ஹப்சிகுடா வழியே செல்லுங்கால் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தைப் பலமுறை கடந்திருப்போம். 1961இல் நிறுவப்பெற்ற அந்நிலையத்தின் அறிஞர்கள், ஆந்திரத்து அனந்தபூர் மாவட்டப் பாறைகளில் அருமண் தனிமங்கள் 15 இருப்பதாக 2023இல் அறிவித்தனர். கேட்டவுடன் புதையல் கிடைத்தது போன்ற மகிழ்ச்சி நம்மில் பலருக்கு உண்டாயிற்று. ஆனால் அத்தனிமங்களைத் தாங்கி நிற்கும் கனியங்களுள் ஒன்றாகிய அல்லனைட்டின் இயல்பை அறிந்தோர் அவ்வளவு விரைந்து மகிழமாட்டார்கள்.

அல்லனைட்டு கரிய நிறமுடைய சிலிக்கேட்டுக் கனியம். உடைத்த முகம் கீல் போல் மினுங்கும். நெப்போலியன் காலத்துப் போரில் ஆங்கிலேயர் கைப்பற்றிய கப்பலொன்றில் கிரீன்லாந்துக் கற்கள் இருந்தன. அவற்றை ஏலத்தில் எடுத்தவர் எடின்பரோ நகரத்து வங்கியாளர் தாமஸ் ஆலன். அவற்றுள் ஒன்றை 1810இல் ஆராய்ந்த தாமஸ் தாம்சன் அவர் பெயரையே அதற்கு இட்டார். வங்கியாளருக்குக் கல்லின்மேல் இருந்த காதலுக்கு நல்ல வட்டி கிடைத்தது எனலாம்! இக்கனியத்துள் சிறிதளவு தோரியமும் உண்டு. அதன் கதிர்வீச்சினாலேயே, பல கோடி ஆண்டுகளில், கல்லின் படிக அமைப்பு உள்ளிருந்தே குலைந்து கண்ணாடி போலாகிவிடுவதும் உண்டு.

நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் அங்கே கண்டறிந்த மோனசைட்டில், நூற்றுக்கு ஏறக்குறைய 60 பங்கு அருமண் ஆக்சைடுகள். அல்லனைட்டிலோ 20ஐ ஒட்டித்தான். மேலும், குமரிக் கரையில் பாறையைப் பொடியாக்கும் வேலையை மழையும் ஆறும் அலையும் முன்பே முடித்து வைத்துவிட்டன. அனந்தபூரிலோ பாறையை வெடித்து, அரைத்து, கடுகளவுத் துணுக்குகளைப் பிரித்தெடுக்க வேண்டும். மோனசைட்டு ஒரு பாஸ்பேட்டு. காரச் சோடாவில் வேகவைத்து அதனைப் பிளக்கும் முறை ஆலுவாய் ஆலையில் 1952இலேயே கைவரப்பெற்றது. அல்லனைட்டை அமிலத்தில் இட்டால் சிலிக்கா கஞ்சி போல் உறைந்து, வடிகட்டவொட்டாமல் தொல்லை தரும்.

2025 ஏப்ரலில் சீனா, 7 அருமண் தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் வேண்டுமென விதித்தது. நம் நாட்டு மின்வண்டித் தொழில் அதனால் இடர்ப்பட்டது. அல்லனைட்டில் மிகுதியாக உள்ளவை சீரியம், லாந்தனம், நியோடைமியம் முதலிய இலேசான தனிமங்கள். காந்தம் வெப்பத்தைத் தாங்க வேண்டிச் சேர்க்கப்படும் டிஸ்புரோசியமோ, அந்த ஏழனுள் ஒன்று. அது இக்கல்லில் மிகச் சொற்பம்.

அனந்தபூர், மழை மிகக் குறைந்த நிலக்கடலைச் சீமை. கல்லை அரைக்கவும் கழுவவும் நீர் வேண்டும். பிரித்த பின் எஞ்சும் தோரியக் கழிவுக்குக் காவலுள்ள இடம் வேண்டும். ஆழத் துளையிட்டுப் பார்த்தாலன்றிப் பாறையின் உள்ளளவு தெரியாது. இனி இத்தகைய செய்தி வருங்கால், எத்தனை டன், நூற்றுக்கு எத்தனை பங்கு, எந்தக் கனியத்துள், கழிவு யார் ஊரில் என்னும் நான்கையும் அதில் தேடிப் பார்ப்போமாக.