போகியில் எரிந்த டிரங்குப் பெட்டி

(சங்கராந்தியை ஒட்டி நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜனவரி 14 என்றதும் நமக்குப் பொங்கல் பண்டிகை நினைவுக்கு வரும். அந்தத் தேதிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. நம் ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா 1953-ல் ஓய்வு பெற்ற நாள் அது. 2016 முதல் அதை முன்னாள் படைவீரர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அன்று பல ஊர்களில் ஓய்வு பெற்ற ஜவான்களும் அதிகாரிகளும் ஒன்றுகூடிப் பழைய கதைகளைப் பேசி மகிழ்கிறார்கள்.

நான் ராணுவத்தில் இருந்தவன் அல்ல. சர்க்கார் ஆபீசில் ஃபைல் பார்த்தே காலம் கழித்தவன். இந்த விஷயத்தில் ஒரு தவறு செய்தவன் என்ற முறையில்தான் இங்கே பேசுகிறேன்.

நான் வளர்ந்தது கோலார் தங்கவயலைச் சேர்ந்த கோரமண்டலில். பங்காருப்பேட்டையில் மாரிக்குப்பம் ரயில் ஏறினால் வருகிற ஊர். என் சித்தப்பா இரண்டாம் உலக யுத்தத்தில் மதராஸ் ஸாப்பர்ஸ் படையில் குமாஸ்தாவாக இருந்தார். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் அதன் தலைமையகம் இருக்கிறது. அன்று அதன் பெயர் 'மதராஸ் ஸாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்'. யுத்தம் முடிந்ததும் நிஜமாகவே மைனர்கள் நிறைந்த ஊருக்கு வந்து, சுரங்க ஆபீசில் கணக்கு எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் மூன்று பேர் கூடுவார்கள். சித்தப்பா, சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கும் ஒருவர், பூமிக்கடியில் மரமுட்டுக் கொடுக்கும் ஒருவர். மூவருமே பழைய ஸாப்பர்கள். ஜாதி, சம்பளம், சாப்பாடு எல்லாம் வேறு வேறு. ஆனாலும் அந்த வராந்தாவில் ஒருவரையொருவர் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மதராஸ் ஸாப்பர்களுக்கு ராணுவம் முழுவதும் அதுதான் செல்லப்பெயர்.

துப்பாக்கிச் சண்டைக் கதை வரும் என்று நான் காத்திருப்பேன். வராது. இத்தாலி நாட்டு மழை, முழங்கால் அளவு சேறு, ரொட்டி தின்று அலுத்தபோது ஒருவனுக்கு வீட்டிலிருந்து வந்த ஊறுகாயை ஆளுக்கு ஒரு துண்டாகப் பங்கு போட்டது, இவைதான் வரும். எழுதத் தெரியாதவர்களுக்கு சித்தப்பாதான் கடிதம் எழுதுவாராம். ஊர் பேர், இடம் எதுவும் எழுதக் கூடாது, சென்ஸார் அடித்துவிடுவான். "காலில் கட்டோடு படுத்திருப்பவனும் 'நான் சௌக்கியம்' என்றுதான் எழுதச் சொல்லுவான்" என்பார். ஒரு பையனுக்காக எழுதிய கடிதம் ஊர் போய்ச் சேருவதற்குள் அவனே போய்விட்டான் என்று ஒரு தடவை ஆரம்பித்தார். மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

தங்கவயலில் இருந்தவர்களுக்கு 'ஏர் பிளாஸ்ட்' ஞாபகம் இருக்கும். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். மேலே வீட்டில் பாத்திரமெல்லாம் கிடுகிடுக்கும். பௌதிகம் படிக்கப் போன பிறகுதான் அதன் காரணம் எனக்குப் புரிந்தது. நாங்கள் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவோம். சித்தப்பா மட்டும் எழுந்து உட்கார்ந்து விடியும்வரை அப்படியே இருப்பார். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

1969 போகி. பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்யும் பொறுப்பு என்னுடையது. பரணில் துருப்பிடித்த டிரங்குப் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே கரையான் அரித்த காகிதங்கள். பிரித்துக்கூடப் பார்க்காமல் விடியற்காலை நெருப்பில் கொட்டினேன். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம், கடிதங்கள், ஒரு சின்ன டயரி எல்லாம் அதில் போயின. சித்தப்பா எழுந்து வந்து பார்த்தார். "போகட்டும்டா, காகிதம்தானே" என்றார். உள்ளே போய்விட்டார். அந்த வருஷம் பொங்கலன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

போன வருஷம் அவருடைய கொள்ளுப்பேத்தி போனில் கேட்டாள்: "தாத்தா, கொள்ளுத்தாத்தா எந்தக் கம்பெனியில் இருந்தார்? இத்தாலியில் எந்த ஊர்?" என்னிடம் பதில் இல்லை. ஊறுகாய்க் கதையை மட்டும் சொன்னேன்.

பெரிய வீரர்களின் கதை எப்படியும் நிலைத்துவிடும். இதே மதராஸ் ஸாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24-ல் இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணிவெடி மேல் தாமே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் பதக்கத்தோடு அவர் பெயர் இருக்கிறது. பம்பாயில் பிறந்த தமிழர், சயன்ஸ் பட்டதாரி, மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25-ல் இலங்கையில் உயிர் கொடுத்தார். பரம் வீர் சக்கரம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் இரண்டாம் உலக யுத்தத்தில் நம் ராணுவத்தில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அத்தனை பேர் கதையையும் யார் வைத்திருப்பது?

2021-ல் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கை வெளியிட்டது. யுத்த ஆவணங்களைச் சாதாரணமாக 25 வருஷத்தில் வெளியிடலாம் என்கிறது. நல்ல காரியம். ஆனால் ஃபைல் பார்த்தவன் சொல்கிறேன், ஃபைலில் உத்தரவு இருக்கும், ஊறுகாய் இருக்காது. பிரிட்டனில் பி.பி.சி. 2003 முதல் 2006 வரை சாதாரண ஜனங்களிடமே கேட்டு 47,000 யுத்தகால நினைவுகளைச் சேர்த்தது. நம் வீடுகளில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

1971 யுத்தத்தில் இருபது வயதில் இருந்தவருக்கு இன்று எழுபதுக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து ஃபிளாட்டிலோ பட்டாளத்தில் இருந்தவர் இருந்தால் போய் உட்காருங்கள். "எத்தனை பேரைச் சுட்டீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே படுத்தீர்கள், பக்கத்தில் படுத்தவர் பேர் என்ன என்று கேளுங்கள். மீதி தானே வரும். வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். படைப்பிரிவு, நம்பர், வருஷம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். போட்டோக்களின் பின்பக்கத்தில் பெயர்களைக் குறியுங்கள். குரலைப் போனிலேயே பதிவு செய்யலாம்.

தங்கச் சுரங்கம் 2001-ல் மூடியாகிவிட்டது. கோரமண்டல் வராந்தாவில் உட்கார்ந்த மூவரும் இன்று இல்லை. அடுத்த போகிக்குப் பரணை ஒழிக்கும்போது, எந்தப் பெட்டியையும் நெருப்பில் போடுவதற்கு முன் தயவுசெய்து ஒரு தரம் திறந்து பாருங்கள்.

 ஜெய் ஹிந்த்.