சொந்த மனையே முதற் காவல்
(செஞ்சியில் ஆற்றிய சொற்பொழிவு)



மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக நம் செஞ்சிக் கோட்டை 2025ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. மகிழத்தக்கதே. ஆனால், நம் மாவட்டத்து இருளர் பலர்க்குச் சொந்தமாக ஒரு மண்சுவரேனும் உண்டா?

செங்கற்சூளையிலும் மரம் வெட்டும் வேலையிலும் முன்பணம் பெற்றுச் சிக்கியவர்க்குக் குடிசையும் முதலாளியின் நிலத்திலேயே அமைகிறது. கணக்குக் கேட்டால் அடி விழும். எதிர்த்தால் குடிசையும் போகும். வீடின்மையும் வன்முறையும் ஒரே கயிற்றின் இரு புரிகளாகும்.

1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இக்கடனை ரத்துச் செய்கிறது. விடுதலை பெற்றவரின் குடியிருப்புக்கும் 8ஆம் பிரிவில் காப்பளிக்கிறது. எனினும், பிறர் மனையில் வாழ்வோர்க்கு அச்சம் அகலாது. தொன்மைப் பழங்குடியினர்க்கு வீடு கட்டித்தர 2023ஆம் ஆண்டில் ஜன்மன் திட்டம் வந்தது; மனையில்லாதவர் எங்கே கட்டுவர்?

ஆகவே, ஊரார் செய்ய வேண்டுவன மூன்று. கிராம சபையில் வீடற்ற குடும்பங்களின் பட்டியலைப் படித்துப் பதிவு செய்யுங்கள். பழங்குடிச் சான்றும் மனைப்பட்டாவும் கைக்கு வரும்வரை அலுவலகங்களுக்கு அவர்களுடன் துணை செல்லுங்கள். கொத்தடிமைக் கொடுமையைக் கண்டால் மாவட்ட ஆட்சியருக்கோ சார் ஆட்சியருக்கோ உடனே தெரிவியுங்கள்.

மனை ஒதுக்கும்போது, ‘எங்கள் தெருவுக்கு அருகில் வேண்டாம்’ என்று மறிக்காதிருப்பது இவையனைத்திலும் பெரிய தொண்டு. பட்டாவை அரசு வழங்கும். அண்டை வீட்டாராக ஏற்க வேண்டியவர் நாமே.