வரவும் செலவும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இல்லத்தில் பயன்படாது கிடக்கும் பழம்பொருள்களை இணையச் சந்தையில் விற்கப் புகுவோர் பணம் பறிகொடுத்தல் பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். தமிழாசிரியனுக்கும் பணமாற்றத்துக்கும் என்ன இயைபு என்று சிலர் எண்ணக்கூடும். இயைபு உண்டு. இக்களவு முற்றும் சொல்லால் நிகழ்வது. இக்கள்வன் பூட்டை உடைப்பதில்லை, சுவரில் கன்னமிடுவதில்லை. ஒரு சொல்லின் பொருளைப் பிறிதொரு சொல்லின்மேல் ஏற்றி, நம் பணத்தை நம் கையாலேயே எடுத்துக் கொடுக்குமாறு செய்கின்றான்.

தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கு சொற்கள் ஆராயப்படுகின்றன. தரவும் வரவும் தன்மை முன்னிலைகளுக்கு உரியன. செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியன என்பது ஆங்குக் கண்ட முடிபு. மாணாக்கர்க்கு இதனை இலக்கண நுட்பமாகவே கற்பித்து வருகின்றோம். இன்றோ இவ்வேறுபாடு குடும்பப் பொருளைக் காக்கும் அறிவாகவும் ஆகிவிட்டது. என்னை? செலவை வரவென்று நம்பச் செய்வதே இக்கள்வரின் தொழிலாதலின்.

அஃது எங்ஙனமெனின், ஓர் அம்மையார் தம் தையல் இயந்திரத்தை 6,000 ரூபாய்க்கு ஓ.எல்.எக்ஸ். போன்றதொரு தளத்தில் விளம்பரம் செய்கின்றார் எனக் கொள்வோம். சிறிது நேரத்தில் ஒருவன் அழைக்கின்றான். பொருளைப் பார்க்க வேண்டுவதில்லை என்கின்றான். விலையும் குறைத்துக் கேட்பதில்லை. தான் இராணுவ வீரன் என்றும், பணிமாற்றம் வந்திருப்பதால் நேரில் வர இயலாதென்றும், வண்டி வந்து பொருளை ஏற்றிக்கொள்ளும் என்றும் கூறி, சீருடைப் படமும் அடையாள அட்டையும் வாட்ஸாப்பில் விடுக்கின்றான். பின்னர் ஐந்து ரூபாய் அனுப்புகின்றான். அது மெய்யாகவே வந்து சேர்கின்றது. நம்பிக்கை பிறந்தபின், ஒரு கியூ.ஆர். கோடு அனுப்பி, “இதனை ஸ்கேன் செய்து பின் எண்ணை இடுங்கள், 6,000 ரூபாய் உங்கள் கணக்கில் ஏறும்” என்கின்றான். அவ்வம்மையாரும் அங்ஙனமே செய்ய, பணம் ஏறாது இறங்குகின்றது. “பிழை நேர்ந்தது; மறுமுறை செய்யுங்கள், இரண்டையும் சேர்த்து அனுப்புகின்றேன்” என்று கூறி இரண்டாம் முறையும் கவர்கின்றான்.

இது நாம் கட்டிய கதையன்று. 2022 மார்ச்சு மாதத்தில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட எச்சரிக்கை நூலில், பழம்பொருட் சந்தையில் படைவீரர் வேடம் புனைந்து வருவோர் தனித்தே குறிக்கப்பட்டுள்ளனர்.

இதற்கு மாற்று யாது? காய்கறிக் கடையை நினைவு கூருங்கள். அங்கே கோடு எழுதிய அட்டையை வைத்திருப்பவர் யார்? பணம் பெறும் கடைக்காரர். அதனை ஸ்கேன் செய்பவர் யார்? பணம் கொடுக்கும் நாம். பெறுவோன் ஸ்கேன் செய்யும் வழக்கம் எக்கடையிலும் இல்லை. 2016-இல் தொடங்கிய யூ.பி.ஐ. முறையில் பின் எண் என்பது பணம் கொடுப்பதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும் கேட்கப்படுவதே யன்றிப் பெறுவதற்குக் கேட்கப்படுவதன்று. பெறுவதற்கு நம் யூ.பி.ஐ. முகவரியோ கைபேசி எண்ணோ போதும். 2025 முதல் சில செலுத்தல்களில் விரல்ரேகையும் முகமும் பின் எண்ணுக்கு ஈடாக ஏற்கப்படுகின்றன. அவற்றுக்கும் இவ்விதியே பொருந்தும்.

தனிமனிதர் ஒருவர் மற்றொருவரிடம் பணம் கோரும் வேண்டுகோள் முறை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. இது நன்று, எனினும் ஒரு வாயில் அடைபட்டதே யன்றிக் கள்வன் ஒழிந்திலன்.

பிறிதொரு தந்திரமும் உண்டு. “1,200-க்குப் பதிலாக 12,000 அனுப்பிவிட்டேன், மிகுதியைத் திருப்பியருள்க” என்று ஒருவன் கெஞ்சுகின்றான். வங்கியிலிருந்து வந்தது போன்ற குறுஞ்செய்தியும் உடன் வருகின்றது. பிறர் பொருள் நமக்கு வேண்டா என்னும் நற்குணமே ஈண்டு நமக்குத் தீங்காகின்றது. குறுஞ்செய்தி வரவாகாது, வங்கிக் கணக்கில் இருப்பு ஏறியிருத்தலே வரவு. அதனைக் கண்ணாற் காணாது ஒரு காசும் திருப்புதல் கூடாது.

“படித்தவர் இங்ஙனம் ஏமாறுவரோ?” என்று வினவுவோர் உளர். ஏமாறுவர். கள்வன் நம் அறியாமையை மட்டும் நம்பி வருவதில்லை; நம் அவசரத்தையும், முகங்கோணாமல் பேசும் இயல்பையும் நம்பி வருகின்றான். வீரனென்று சொன்னவனை ஐயுறக் கூசுகின்றோம். “நேரில் வந்து பொருளைக் கண்டு, பணம் தந்து எடுத்துச் செல்லுங்கள்” என்று கூறுவது எவர்க்கும் அவமதிப்பாகாது; மெய்யாக வாங்குவோன் அதற்கு வருந்தான்.

நிற்க. இனி நாம் கூறப்போவதே இன்றைய பேச்சின் உயிர்நிலை. பணம் இழந்தவர் பெரும்பாலும் அதனை வீட்டில் கூறுவதில்லை. மகன் சினப்பான், மருமகள் நகைப்பாள், கணவர் ஏசுவார் என்று அஞ்சி மறைக்கின்றனர். களவு போன பணம் ஒரு கணக்கினின்று மற்றொரு கணக்குக்கு விரைந்து ஓடுவது. உடனே 1930 என்னும் எண்ணுக்குச் சொன்னால் இடைவழியில் அதனை முடக்க இடமுண்டு. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் எழுதலாம். நம் வங்கிக்கும் அறிவித்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஒரு நாள் மறைத்தால் பணம் எட்டாத் தொலைவு சென்றுவிடும். 2017 ஜூலை 6-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில், வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, வங்கிக்கு அறிவிக்கும் வரையில் அவரையே சாரும் என்று கூறப்பட்டது. ஆதலின் நாணம் காரணமாகக் கழியும் ஒவ்வொரு நாழிகையும் கள்வனுக்கே துணையாகும்.

எனவே, நம் குடும்பத் தலைவர்களுக்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் இது: இழந்தவரை ஏசுவதற்கு முன்னே 1930-ஐ அழையுங்கள். ஏமாற்றியவன் குற்றவாளி, ஏமாந்தவர் நம் தாய், நம் தந்தை, நம் பிள்ளை. இளைஞர்களே! மூத்தோர் ஒரு பொருளை இணையத்தில் விற்க முற்படுங்கால் உடனிருந்து உதவுங்கள். பெண்மணிகளே! கைபேசியில் பின் எண்ணை இடுமுன், “இது வரவா, செலவா?” என்று ஒருமுறை வாய்விட்டுக் கேளுங்கள்.